அந்த டீப்பாய்க்குப் புளி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் வீட்டு அலங்காரப் பக்கத்தில், பழைய இரும்பு டீப்பாயைப் புத்தம் புதிதாக மாற்றுவது பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். படத்தைப் பார்த்தவுடனே அது 1960களின் கடைசியிலோ 70களிலோ கையால் செய்யப்பட்ட புரூட்டலிஸ்ட் பாணி மேசை, அதாவது செய்த பொருளையும் செய்த தடத்தையும் மறைக்காமல் விடும் பாணி என்று தெரிந்தது. இரும்புத் தகடு, பித்தளை, ஸ்லேட் கல், மரம், கண்ணாடி என்று ஐந்தும் கலந்தது. அதற்குத் தாங்கள் சொன்ன பக்குவம் இது: பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பது, இரும்பைக் கிரைண்டர் வைத்து வழவழப்பாக்குவது, கல்லில் உள்ள கறைக்கு ஆசிட் ஊற்றுவது, கடைசியில் எல்லாவற்றின் மேலும் லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சு அடிப்பது. எழுதியவர் அந்த மேசையைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன். தொட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் இன்னும் மோசம்.

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது சிறிய பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். பழைய பங்களாக்கள் கைமாறும்போது வெளியே வரும் கட்டில், நாற்காலி, மேசை எல்லாம் என்னிடம் வருகின்றன. கலை பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இரும்பும் பித்தளையும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று பேசத் தகுதி உண்டு.

தேயிலையை உருட்டும் பழைய இயந்திரமான ஆர்த்தடாக்ஸ் ரோலரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடிய இலை உருண்டு நசுங்கும் மேசையில் பித்தளைப் பட்டைகள் பதித்திருப்பார்கள். காரணம், இலைச்சாறு இரும்பில் பட்டால் கறுத்துவிடும். தேயிலையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கருநிறம்தான். அந்தக் காலத்து எழுது மையையே இப்படித்தான் செய்தார்கள். சரி, பித்தளை போட்டாயிற்று. ஆனால் பித்தளைப் பட்டை உட்காரும் உடல் இரும்பு. திருகைக் கழற்றிப் பட்டையைத் தூக்கினால், பித்தளை அப்படியே இருக்கும், அடியில் இரும்பு பொரிந்து அடுக்கடுக்காகக் கையோடு வரும். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் புளிப்பும் இருந்தால், இரும்புதான் தன்னைக் கொடுத்துப் பித்தளையைக் காப்பாற்றும். இப்போது அந்தப் புளிக் குறிப்பை மறுபடி படித்துப் பாருங்கள். குத்துவிளக்குக்குப் புளி போடுங்கள், தேய்த்துக் கழுவித் துடைத்து வெயிலில் வைக்கலாம். இரும்புத் தகட்டின் மேல் உருக்கி ஒட்டிய பித்தளைக்குப் புளி போட்டால், அந்தத் தண்ணீர் இடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குன்னூர் ஈரத்தில் அது எளிதில் காயாது. மேலே பித்தளை மினுங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இரும்பு கழன்றுகொண்டிருக்கும்.

இந்தப் பாணியைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வரிதான் இருந்தது, அதுவும் 'முரட்டுத்தனமான மேலைநாட்டு மோஸ்தர்' என்று. சண்டிகருக்குப் போனவர்கள் அங்கே லே கார்புசியே என்ற கட்டடக் கலைஞர் 1950களில் கட்டத் தொடங்கிய உயர் நீதிமன்றத்தையும் தலைமைச் செயலகத்தையும் பார்த்திருப்பார்கள். பூச்சு இல்லாத காங்கிரீட். சென்ட்ரிங் பலகையின் ரேகை அதில் அப்படியே பதிந்திருக்கும். அதற்கு முன்பே பிரான்சில் மார்செய் நகரத்தில் அவர் கட்டி 1952-இல் முடித்த அடுக்குமாடிக் கட்டடமும் அப்படித்தான். செய்த பொருள் எதுவோ அதை மூடி மறைக்காமல், செய்த விதம் எதுவோ அதன் தடத்தை அழிக்காமல் விடுவது அந்தக் கட்டடக்காரர்களின் பிடிவாதம். அதே மனநிலையில் மேசை நாற்காலி செய்தவர்கள் பிறகு வந்தார்கள். அமெரிக்காவில் பால் எவன்ஸ் என்பவர் இரும்பை வெல்டிங் செய்து, வெட்டிய விளிம்பையும் உருகிய துளியையும் அப்படியே விட்டு, அலமாரியும் மேசையும் செய்தார். பெல்ஜியம், ஹாலந்து பட்டறைகளில் கல்லையும் சிமென்ட்டையும் இரும்பையும் சேர்த்துத் தாழ்வான மேசைகள் செய்தார்கள்.

இந்தக் கதையில் நம் பக்கத்துக்கும் ஓர் இழை உண்டு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணிக்காக 1930களின் பிற்பகுதியில் ஜார்ஜ் நகாஷிமா என்ற இளைஞர் வந்தார். இந்தியாவின் ஆரம்பகாலக் காங்கிரீட் கட்டடங்களில் அது முக்கியமானது, பூச்சில்லாத காங்கிரீட்தான். கட்டடக் கலைஞராக வந்தவர் அங்கே மரச்சாமானும் வடிவமைத்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பி, பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் பட்டறை போட்டு, மரத்தின் இயற்கையான விளிம்பையும் வெடிப்பையும் மறைக்காமல் மேசை செய்து பெயர் பெற்றார். வெடிப்பு மேலும் விரியாதிருக்க வண்ணத்துப்பூச்சி வடிவில் ஓர் ஆப்பு வைப்பாரே தவிர, மக்கு வைத்து மூட மாட்டார். பால் எவன்ஸ் பிற்பாடு பட்டறை நடத்தியதும் அதே நியூ ஹோப் வட்டாரத்தில்தான். ஒருவர் மரம், ஒருவர் இரும்பு. இருவரும் கிரைண்டரை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

நம் மலையில் இதைப் புரியவைக்க இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் காலங்காலமாக இங்கே கொல்லு வேலை செய்தவர்கள். படகர் வீடுகளுக்கும் தோடர் மந்துகளுக்கும் (குடியிருப்புகளுக்கும்) கத்தியும் கோடரியும் அவர்கள் உலையிலிருந்துதான் போயின. பழைய கோத்தர் கத்தி ஒன்று கையில் கிடைத்தால் பாருங்கள்: வெட்டும் வாய் மட்டும் தீட்டப்பட்டிருக்கும், முதுகில் சுத்தியல் விழுந்த தழும்பு அப்படியே இருக்கும். அதைப் பஃபிங் போட்டு மினுக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா?

இனி என் கைக்கு வந்த மேசையைச் சொல்கிறேன். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் ஒரு பங்களா. வயதான அம்மாள் ஒருவர் தனியாக இருக்கிறார். "மேஸ்திரி, இதைக் கொஞ்சம் மினுக்கிக் கொடுங்கள், என் பேத்தி கேட்கிறாள்" என்று கூப்பிட்டனுப்பினார். முழங்காலுக்குக் கீழான உயரம், ஆனால் இரண்டு ஆள் சேர்ந்தால்தான் நகரும். நான்கு காலும் தடித்த இரும்புத் தகடு. காஸ் கட்டிங்கில் வெட்டியது என்று விளிம்பில் கை வைத்தால் தெரியும். தீ போன வழியில் சாய்ந்த கோடுகள், அடிப்பக்கத்தில் கசடு துளித்துளியாக உறைந்து நின்றது. சாதாரணமாக வெல்டர் அந்தக் கசட்டை உளியால் தட்டி எறிவான். இவன் வேண்டுமென்றே விட்டிருக்கிறான். தகட்டின் முகத்தில் பித்தளை ராடை உருக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டு, சில இடத்தில் ஓடவும் விட்டிருந்தான். போராக்ஸ் (வெண்காரம்) அளவாகப் போட்டிருக்கிறான், சூடும் அளவு. அப்படி இல்லையென்றால் பித்தளை இரும்பில் பிடிக்காது, உருண்டு விழும். அந்த வேலையைப் பார்த்துச் சிறிது நேரம் நான் பேசாமல் நின்றேன். முரடு என்று சொல்கிறார்களே, அதைச் செய்வதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும் என்பது காஸ் டார்ச் பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

மேல்பக்கத்தில் முக்கால் பாகம் ஸ்லேட் துண்டுகள், சிமென்ட் கலவையில் பதித்தவை, ஒன்று உயரமும் ஒன்று பள்ளமுமாக. ஒரு ஓரத்தில் ஈட்டி மரப் (ரோஸ்வுட்) பலகை. நடுவில் சிறிய தடித்த கண்ணாடி. அந்த அம்மாளுக்கு மேசை மேல் இருந்த ஒரே குறை, காபி டம்ளர் கண்ணாடியைத் தவிர வேறெங்கும் நேராக நிற்பதில்லை என்பது. நியாயமான குறைதான்.

அதற்கு முன் யாரோ இரண்டு பேர் அதில் கை வைத்திருந்தார்கள். ஒருவர் ஒரு காலை மட்டும் கிரைண்டர் போட்டுப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, களைத்தோ பயந்தோ நிறுத்தியிருக்கிறார். மற்ற மூன்று காலும் கருநீலமாக, கை படப்படப் பழகிய நிறத்தில் துருவில்லாமல் இருக்க, அந்த ஒரு கால் மட்டும் செம்மண் நிறத்தில் துருப்பிடித்திருந்தது. சூட்டில் உருவான கரும்படலமும் அதன் மேல் ஆண்டுக்கணக்கில் ஏறிய மெழுகும் இரும்புக்கு ஒரு போர்வை. அதைக் கிழித்துவிட்டு வெறும் இரும்பை மஞ்சுக்குக் காட்டினால் வேறென்ன ஆகும்?

இன்னொருவர் செய்தது அதைவிடக் கெடுதல். ஈட்டிப் பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விட்டுத்தான் முதலில் செய்திருந்தார்கள். அதைப் பார்த்தவர், வேலையில் குறை என்று நினைத்து, இறுகிக் கெட்டியாகும் எபாக்சிப் பசை போட்டு அடைத்துவிட்டார். மரம் நீளவாக்கில் அதிகம் அசையாது, அகலவாக்கில் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். நம் ஊரில் தென்மேற்குப் பருவமழை விட்டால் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். தை மாசியில் உறைபனிக் காலத்து வெயில் மரத்தை உலர்த்தும். அந்த அம்மாள் வீட்டில் போதாக்குறைக்கு மேசையைக் கணப்பு அடுப்புக்கு நேர் எதிரே போட்டிருந்தார்கள். உப்ப இடமில்லை, சுருங்கவும் விடுதலை இல்லை. பலகை நடுவே வெடித்துவிட்டது. ஈட்டி மரத்துக்கு இன்று மாற்றுப் பலகை தேடிக் கொடுங்கள் பார்க்கலாம்! அந்த மரத்தைக் காக்கத் தமிழக அரசு 1994-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் 2017 முதல் உலகளாவிய கட்டுப்பாடு இருக்கிறது. கையில் இருக்கும் பலகையைக் காப்பாற்றுவதுதான் வழி.

நான் செய்தது கொஞ்சம்தான். எபாக்சியைச் சுரண்டி எடுத்தேன். திருகாணித் துளைகளை அகலவாக்கில் நீட்டி, பலகை அசைந்துகொள்ள வழி விட்டேன். வெடிப்பில் அடியிலிருந்து ஓர் ஆப்பு. ஒரு மூலையில் ஸ்லேட் தூக்கிக்கொண்டிருந்தது. கீழே இருந்த இரும்புப் பட்டை துருப்பிடித்ததால் வந்த வினை. துரு என்பது இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும், அது கேட்கும்போது கல்தான் நகர வேண்டும். துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்துக் கல்லை மறுபடி பதித்தேன். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டி, பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, மெல்லிசாக மெழுகு. அவ்வளவே. பளிச்சென்ற அந்தக் காலை மற்றக் கால்களைப் போல ஆக்கித் தர முடியுமா என்று அம்மாள் கேட்டார். கறுப்புச் சாயம் அடித்து ஒப்பேற்றலாம், பழைய தோலைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று சொன்னேன். துருவை மட்டும் நிறுத்தி, மெழுகு போட்டு விட்டுவிட்டோம். பேத்திக்கு ஏமாற்றம்தான்.

தங்கள் குறிப்பில் சொன்ன ஆசிட் விஷயத்துக்கு வருகிறேன். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிமென்ட் மேல் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். கறை போகிறது என்று நினைப்பீர்கள், போவது சிமென்ட். கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் கலவையே கரைந்தால் பிறகு எதைச் சுத்தம் செய்வது? அதன் ஆவியே போதும், பக்கத்தில் இருக்கும் இரும்பு மறுநாள் காலையில் சிவந்துவிடும்.

கிரைண்டர் வைப்பதில் இன்னொரு பெரிய ஆபத்து உண்டு. இந்தப் பாணி மேசைகள் எல்லாமே உள்ளும் புறமும் உலோகம் என்று நினைக்கக் கூடாது. பால் எவன்ஸே செய்த ஒரு வகையில், அடியில் மரமோ இரும்போ சட்டமாக இருக்கும், அதன் மேல் எபாக்சி ரெசினைக் கையால் மேடும் பள்ளமுமாக வடித்து, அதற்கு மேல் வெண்கலத் துகளை மெல்லிய படலமாக ஏற்றியிருப்பார்கள். பார்வைக்கு வார்ப்பு வெண்கலம் மாதிரியே இருக்கும். கிரைண்டர் தொட்டதும் உள்ளேயிருந்து ரெசின் எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு அந்தப் பொருளை எடைக்குக் கூடப் போட முடியாது. விரல் நகத்தால் தட்டிப் பார்த்தால் ஒலி சொல்லிவிடும், காந்தம் வைத்துப் பார்த்தால் எங்கே இரும்பு எங்கே இல்லை என்று தெரியும். இந்த இரண்டு சோதனைக்கும் செலவு கிடையாது. குறிப்பில் இதைச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் பக்கத்தில் மேசையைப் 'பெல்ஜியத்து ஆன்டிக்' என்று போட்டிருந்தீர்கள். ஆன்டிக் என்று சொல்ல நம் நாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இத்தகைய பொருளுக்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். 1970-இல் செய்த டீப்பாய்க்கு அந்த வயது வர நம் பேரப்பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதுதான். பெல்ஜியம் என்பதோ இப்போது ஊட்டி, குன்னூர் வியாபாரிகள் வாயில் ஒரு விலைச் சொல்லாகவே ஆகிவிட்டது. கரடுமுரடான இரும்பு என்றால் பெல்ஜியம், அதற்கு மேல் இரண்டு பூஜ்யம் சேரும்.

பிட்டராக இருந்தவனுக்கு ஊர் கேட்க வேறு வழி உண்டு. மேசையைக் கவிழ்த்துப் போல்ட்டைக் கழற்றுங்கள். அரை அங்குல போல்ட்டாக இருந்தால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை (திருகுப் புரி) என்று மரை அளவி வைத்துப் பாருங்கள். 12 என்றால் ஆங்கிலேயரின் விட்வொர்த் மரை. நம் பழைய தேயிலை இயந்திரங்களில் இருப்பதும் அதுவே. 13 என்றால் அமெரிக்க மரை. மில்லிமீட்டர் கணக்கில் வந்தால் ஐரோப்பாவாகவும் இருக்கலாம், மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகான இந்தியாவாகவும் இருக்கலாம். தகட்டின் விளிம்பு கண்ணாடி வெட்டியது போல் சீராக, கசடில்லாமல் இருந்தால் அது பிளாஸ்மாவிலோ லேசரிலோ வெட்டிய சமீபத்திய நகல். பற்றவைப்பு முழுநீளமும் ஒரே அகலத்தில் ஓடினாலும் சந்தேகப்படுங்கள். கோத்தகிரி சாலை மேசையில் இருந்தது 12. ஆகவே அதைப் பெல்ஜியம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன் என்று அம்மாளிடம் சொன்னேன். போல்ட் பிற்பாடு மாற்றியதாக இருக்கலாமே என்று வியாபாரி ஒருவர் என்னிடம் வாதாடினார். துளைக்குள் வெட்டிய மரையும் அதே 12 என்று காட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

செய்த இடம் தெரியாததால் மதிப்புக் குறைந்துவிடும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. சண்டிகரில் பியேர் ஜான்னெரே என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகளை உள்ளூர்த் தச்சர்கள்தான் செய்தார்கள். அலுவலகங்களில் உடைந்ததும் மொட்டை மாடியில் குவித்து, கழிவுச் சாமான் என்று ஏலம் விட்டார்கள். அவை ஐரோப்பிய, அமெரிக்க ஏலக் கூடங்களில் பெரும் விலைக்குப் போன பிறகுதான் நமக்குக் கண் திறந்தது. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றின் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. செய்த தச்சரின் பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. அந்தக் கோத்தகிரி சாலை வெல்டர் யாராக இருந்தாலும், அவன் விட்டுப்போன கசட்டையும் துளியையும் தவிர அவனுக்கு வேறு கையெழுத்து இல்லை. அதைத்தான் கிரைண்டரால் அழிக்கச் சொல்கிறீர்கள்.

ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கே ஒரு சிப்பம் விற்க வேண்டுமென்றால் எந்தத் தோட்டம், எந்த ரகம் என்று பட்டியலில் இருக்கும். ஏலத்துக்கு முன்பே மாதிரி போய்ச் சேரும், சுவைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்கள். அதே ஊரில் பங்களாச் சாமான் ஏலம் விடும்போது துண்டறிக்கையில் இருப்பது 'இரும்பு டீப்பாய் 1, பழையது' என்ற ஒரு வரி. அந்த விளம்பரங்களில் பல தங்கள் நாளிதழிலும் வருகின்றன. கோடை சீசனுக்கு முன் அடுத்த சுற்று ஏலங்கள் தொடங்கும். விளம்பரம் கொடுப்பவர்களிடம், என்னென்ன பொருளால் ஆனது, எந்தப் பாகம் பிற்பாடு மாற்றப்பட்டது, மேற்பரப்பில் யாராவது கை வைத்தார்களா என்ற மூன்று விவரங்களையும் கேட்டுப் போடுங்கள். அலங்காரப் பக்கத்தில் ஒரு திருத்தமும் வேண்டும். கடிதம் நீளம் என்று வெட்டுவதாக இருந்தால் பால் எவன்ஸையும் நகாஷிமாவையும் வெட்டிக்கொள்ளுங்கள். ஆசிட் பற்றிய பத்தியை மட்டும் தொடாதீர்கள். என் பெயரையும் போட வேண்டாம். வாடிக்கையாளர் சிலர் இதில் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிட்டர்,
குன்னூர், நீலகிரி.

பின்குறிப்பு: குறிப்பைப் படித்து ஏற்கெனவே லேக்கர் அடித்துவிட்டவர்களுக்கு: சாதாரண லேக்கர் தின்னரில் கரையும். மேசைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் பஞ்சால் தொட்டுச் சோதித்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். கணப்பு எரியும் அறையில் தின்னரைத் திறக்கவே கூடாது. தட்டினால் உலோக ஒலி வராத இடத்தில், அதாவது ரெசின் இருக்கும் இடத்தில், தின்னரும் படக்கூடாது. அங்கே லேக்கர் இருந்துவிட்டுப் போகட்டும்.